இறக்கத்தில் மடங்கும் முழங்கால்

ஏறும்போது சமாளித்துவிடலாம். கூடை நிறைந்து, கொழுந்து மடுவத்தை நோக்கி இறங்கும்போதுதான் முழங்கால் சட்டென்று மடங்கும். மழைக்குப் பின் வழுக்கும் மண், பாதி பெயர்ந்த படிக்கல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மறைந்து கிடக்கும் கான்: நுவரெலியா, ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு முழங்கால் பிசகுவதற்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அன்றிரவு முழங்கால் வீங்கும். சித்தாலேப பூசி, துணியால் இறுக்கிச் சுற்றி, இரண்டு மூன்று நாள் லயத்தில் கிடந்தால் வலி தணியும். பிறகு பெரட்டுக்குப் போகத்தான் வேண்டும். கொழுந்து எடுக்காவிட்டால் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, விழாது.

சிக்கல் அதன் பிறகுதான் தெரியவரும். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே காட்டுகிறது. வலியும் முன்போல இல்லை. ஆனால் கால் ஆளைத் தாங்க மறுக்கிறது. "வலி கொறஞ்சிருச்சுங்க, கால்லதான் உசுரு இல்ல" என்பார்கள். வேலையை மேற்பார்க்கிறவருக்கு அது சாக்காகத் தோன்றும். வீட்டில் வயதாகிவிட்டது என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிற மருத்துவர்களும் உண்டு. சில வாரம் கழித்து, முழங்கால் பிசகிய பெண் இரண்டு தொடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடிபட்ட பக்கத்துத் தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருக்கும்.

அடிபட்டது மூட்டு. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியிருக்கத் தொடைத் தசை ஏன் வலுவிழக்கிறது? ஒன்றரை நூற்றாண்டாக மருத்துவர்களைக் குடைந்துவரும் கேள்வி இது. இன்று கிடைத்திருக்கும் விடை மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. மூட்டு வீங்கினால், அந்த மூட்டை நீட்டும் தசையை, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணே நிறுத்திவைக்கிறது. மனிதரின் விருப்பத்துக்கும் உறுதிக்கும் அதில் பங்கே இல்லை. மருத்துவ நூல்கள் இதற்கு வைத்திருக்கும் நீண்ட பெயரைத் தமிழில் மூட்டுவழித் தசைத் தடை என்று சொல்லலாம்.

தொடையின் முன்புறத்தில் நான்கு பகுதிகளாகக் கிடக்கும் பெருந்தசைக்கு நாற்றலைத் தசை என்று பெயர். நான்கும் கீழே ஒன்றுகூடி, முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, முன்னங்கால் எலும்பில் போய் முடிகின்றன. காலை நீட்டுவது இதன் வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இதற்கு உண்டு. இறங்கும்போது முழங்கால் மடங்கும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதும் இதுதான். மேட்டில் ஏறுகையில் தசை சுருங்கிக்கொண்டே உடலைத் தூக்குகிறது. இறக்கத்திலோ, இழுபட்டு நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால்களுக்குள்ளேயே அளவுக் கருவிகளைப் பொருத்தி, அந்த மூட்டுடன் நடமாடும் நோயாளிகளிடம் விசையை அளந்தார்கள். 2010இல் வெளியான அந்தக் கணக்கின்படி, சமதரையில் நடக்கையில் மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் பதினைந்து கிலோ கொழுந்தோடு இறங்குகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் இருநூறு கிலோவுக்கு மேல் அந்த ஒரு மூட்டில் விழுகிறது. அதுவும் ஆய்வுகூடத்தின் சீரான படியில் எடுத்த கணக்கு. தோட்டத்துப் படிகள் அப்படி ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அதனால்தான் இந்தத் தசையில் ஏற்படும் சிறிய குறையும் முதலில் இறக்கத்தில் வெளிப்படுகிறது. கொழும்பில் மேசையடியில் வேலை செய்பவருக்கு இதே காயம் இதே அளவில் பட்டிருந்தால், பல வாரம் அவருக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் சார்க்கோ போன்ற நரம்பியல் மருத்துவர்கள், மூட்டு நோய்க்குப் பின்னால் தசை மெலிவதைக் கவனித்து எழுதினார்கள். அசையாமல் கிடந்தால் தசை தேயும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் இந்த மெலிவு அவ்வளவு மெதுவாக வரவில்லை. சில நாட்களிலேயே தொடங்கியது. எல்லாத் தசைகளிலும் ஒரே மாதிரியும் வரவில்லை. மூட்டை மடக்கும் தசைகள் ஓரளவு தப்பின. நீட்டும் தசைகளே மெலிந்தன. அசையாமையே காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா தேய்ந்திருக்க வேண்டும்?

1890இல் ரேமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாய்களில் ஒரு சோதனை செய்தார். இரண்டு பின்னங்கால்களின் மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்கினார். ஒரு பக்கத்தில் மட்டும், காலிலிருந்து முண்ணாணுக்கு உணர்வுச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வேர்களை அறுத்தார். அழற்சி இரு பக்கமும் ஒன்று. செய்தி போன பக்கத்தில் தசை மெலிந்தது. செய்தி அறுந்த பக்கத்தில் அந்த மெலிவு வரவில்லை. இன்றைய ஒழுக்க விதிகளின் கீழ் அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம். பின்னால் வந்தவர்களில் சிலர் அதன் முடிவை ஏற்கவும் இல்லை. ஆனாலும் தேட வேண்டிய இடத்தை அது காட்டிவிட்டது. மூட்டு ஏதோ செய்தியை மேலே அனுப்புகிறது, மேலேயிருந்து தசைக்குத் தடை வருகிறது என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

மனிதரிடம் இதைக் காட்ட மேலும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1965இல் டி அன்ட்ராடேயும் கூட்டாளிகளும் முழங்கால் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி, அது நிறைய நிறைய நாற்றலைத் தசையின் மின்னியக்கம் அடங்குவதைப் பதிவு செய்தார்கள். 1984இல் ஸ்பென்சரும் அவரது குழுவும் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். காயமே இல்லாத முழங்காலுக்குள் சேலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாற்றலைத் தசையின் அனிச்சைச் செயலை அளந்தார்கள். 20 முதல் 30 மில்லிலீற்றர் ஏறியதுமே உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. மற்றப் பகுதிகள் அடங்க 50 முதல் 60 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. 20 மில்லிலீற்றர் என்பது நாலு தேக்கரண்டி. அவ்வளவு சிறிய வீக்கத்தைப் பல சமயம் கண்ணால் பார்த்துக்கூடச் சொல்ல முடியாது. கால் வீங்கவில்லையே, பிறகு ஏன் நொண்டுகிறாய் என்று கேட்பவர்கள் இந்த நாலு தேக்கரண்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையில் காயம் இல்லை, நோய் இல்லை, வேலை செய்ய விருப்பமில்லாத ஆளும் இல்லை. அளந்தது அனிச்சைச் செயலை என்பதால் மனத்துக்கு அதில் இடமே கிடையாது. வெறும் உப்புநீர் மூட்டுக்குள் போனதும் தசை அடங்கியது. வலுவிழந்த காலோடு வருகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல இதற்குப் பிறகு யாருக்கும் உரிமை இல்லை.

முண்ணாணுக்குள் நடப்பது இதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும், எலும்புகளை இணைக்கும் பிணையங்களிலும் இழுவிசையையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. திரவம் சேர்ந்து உறை விரியும்போது அவை இடைவிடாமல் முண்ணாணுக்குச் செய்தி அனுப்பும். அங்கே தடுப்பு வேலைக்கென்றே உள்ள இடை நரம்புக்கலங்கள் அந்தச் செய்தியால் தூண்டப்படுகின்றன. அவை நாற்றலைத் தசையை இயக்கும் நரம்புக்கலங்களை அமர்த்திவிடுகின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று உணர்ந்து அதன் இறுக்கத்தைப் பேணுகிற தனிச் சுற்று ஒன்றும் கூடவே தளர்ந்துபோகிறது. மூளை "நீட்டு" என்று முழு மூச்சாகக் கட்டளையிட்டாலும், அந்தக் கட்டளையில் ஒரு பங்குதான் தசையைச் சென்றடையும்.

லயத்துப் பீலியில் தண்ணீர் வராத நாளை எண்ணிப் பாருங்கள். ஊற்றில் தண்ணீர் இருக்கிறது. குழாயும் உடையவில்லை. மேலே யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள். கீழே நின்று குடத்தைத் திட்டியோ பீலியைத் தட்டியோ பயன் இல்லை.

இதே முண்ணாண், காலை மடக்கும் பின்தொடைத் தசைகளுக்கு ஊக்கம் கொடுப்பதும் உண்டு. நீட்டும் தசை அடங்கி, மடக்கும் தசை தூண்டப்பட்டால் முழங்கால் கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஏறக்குறைய 30 பாகை மடங்கியிருக்கும்போது வீங்கிய மூட்டுக்குள் அழுத்தம் மிகக் குறைவு என்பதும் அளந்து கண்டதுதான். வீங்கிய முழங்காலோடு படுப்பவர் அடியில் தலையணையை வைத்துக்கொள்வது அந்தச் சுகத்துக்காகத்தான். வேறு வழியில்லாத முதல் இரவில் வைத்துக்கொள்ளலாம். அதையே பழக்கமாக்கினால் கால் முழுதாக நீளாமல் போகும். முழுதாக நீளாத காலில் நாற்றலைத் தசைக்கு ஒருபோதும் ஓய்வு இல்லை. வெறுமனே நிற்பதற்கே அது உழைக்க வேண்டும்.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? அடிபட்ட மூட்டை மேலும் நெரிக்காமல் காக்கவே என்பது பலரும் ஏற்கும் விளக்கம். முதல் சில நாளுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். காயம் ஆறத் தொடங்கிய பிறகும் தடை விலகாமல் நீடிப்பதுதான் கேடு.

வலிதான் தசையை நிறுத்துகிறது, வலியைத் தணித்தால் வலு திரும்பிவிடும் என்று நினைப்பது இயல்பு. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1980களில் பிரித்தானியாவில் மரியா ஸ்டோக்ஸ், ஆர்ச்சி யங் முதலியோர், முழங்காலிலுள்ள பிறை வடிவக் கசியிழையத்தை அறுவை செய்து நீக்கியவர்களின் தொடைத் தசையைத் தொடர்ந்து அளந்தார்கள். அறுவைக்கு மறுநாள் தசை தன் இயக்கத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தது. மூன்று நான்கு நாளில் வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. தடை ஏறக்குறைய அப்படியே நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும், வலி ஏதும் இல்லாதவர்களிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடை மிஞ்சியிருந்தது. வலி வேறு, தடை வேறு. டிஸ்பென்சரியில் பரசிட்டமோல் வாங்கி விழுங்கி, வலியில்லை என்று மறுநாளே செங்குத்தான மலைக்குப் போகிறவர், பாதி நின்றுபோன தசையை நம்பி இறங்குகிறார். விழுந்தால் இரண்டாவது காயம்.

1988இல் ஃபாரரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, மூட்டுத் தேய்வுள்ளவர்களைப் பற்றியது. நாட்பட்ட நீர்க்கோப்பு இருந்த முழங்காலிலிருந்து ஊசியால் திரவத்தை எடுத்தார்கள். அந்த இடத்திலேயே, எந்தப் பயிற்சியும் இல்லாமல், தசையின் வலு கூடியது. பிறகு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார்கள். இன்னும் கூடியது. சில நிமிட நேரத்தில் தசை வளர முடியாது. இருந்த வலுதான் விடுபட்டது.

இந்தத் தடை அடிபட்ட காலோடு நிற்பதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. ஒரு முழங்காலில் பிணையம் கிழிந்தவர்களை அளந்தால், நல்ல காலின் நாற்றலைத் தசையும் முழு அளவில் இயங்கவில்லை. ஒரு காலை மற்றக் காலோடு ஒப்பிட்டு, பெரிய வித்தியாசமில்லை என்று முடிவு செய்பவர் ஏமாறும் இடம் இது.

நாட்பட்ட மூட்டுத் தேய்வில் கதை இன்னும் கனக்கிறது. தேயிலை மலையில் முப்பது வருடம் ஏறி இறங்கிய பெண்களின் முழங்கால்களில் தேய்வு இருப்பது யாருக்கும் வியப்பாக இராது. தேய்வால் நடை குறைகிறது, அதனால் தசை மெலிகிறது என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். 1997இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஸ்லெமெண்டா குழு முதியவர்களிடம் செய்த ஆய்வு இந்த வரிசையைக் குலைத்தது. எக்ஸ்ரேயில் தேய்வு தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, தசையும் மெலியவில்லை. ஆனால் நாற்றலைத் தசையின் வலு குறைந்திருந்தது. வலுவின்மை தேய்வின் விளைவு மட்டுமாக இல்லாமல் அதன் காரணங்களில் ஒன்றாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இதன் பிறகு வலுத்தது. எனக்கு இதில் ஐயம் குறைவு. வலுவிழந்த தசையால் இறக்கத்தில் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள முடியாது. தாங்காத அதிர்ச்சி கசியிழையத்துக்குப் போகும். அது நைந்தால் மூட்டு மீண்டும் நீர் கோக்கும். நீர் கோத்தால் தசை மீண்டும் அடங்கும். முடிச்சு இப்படித்தான் இறுகுகிறது.

மூட்டையே மாற்றிவிட்டாலும் இது உடனே அவிழ்வதில்லை. அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் மிஸ்னர் முதலியோர் 2005இல் வெளியிட்ட அளவைப் பாருங்கள். செயற்கை முழங்கால் பொருத்தி ஏறக்குறைய நான்கு வாரத்தில், நாற்றலைத் தசையின் வலு அறுவைக்கு முன்பிருந்ததைவிட 60 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. தசையின் பருமன் குறைந்ததோ 10 வீதம் மட்டும். தசை இருக்கிறது, கட்டளை போய்ச் சேரவில்லை. கண்டியிலோ கொழும்பிலோ மூட்டு மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறவர்களில், இயன் மருத்துவரை மறுபடி பார்க்க வாய்ப்பில்லாதவர்களை நினைத்தால் இந்த எண்ணிக்கை மனதை அழுத்துகிறது.

ஒருவர் தன் காலிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்துங்கள். சில்லுக்கு மேலே, உட்பக்கமாக ஒரு தசை திரண்டு எழ வேண்டும். அடிபட்ட காலில் அது எழாமல் மெத்தென்று இருந்தால் தடை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, காலை நேராக வைத்தபடி ஒரு சாண் உயரம் தூக்குங்கள். குதிகால் மேலே வந்தும் முழங்கால் நேராக நில்லாமல் சற்று மடங்கித் தொங்கினால், நாற்றலைத் தசை தன் கடைசி வலுவைக் கொடுக்கவில்லை.

செய்ய வேண்டியது தசையை அதட்டுவது அல்ல, செய்தி புறப்படும் இடத்தை அமைதிப்படுத்துவது. வீக்கத்தைக் குறைப்பதே முதல் வேலை. நுவரெலியாவின் குளிரில், நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும்போது, வீங்கிய காலில் பனிக்கட்டி வை என்றால் யாருக்கும் பிடிக்காது. ஒத்தடமும் சுடு எண்ணெயும்தான் கை போகும் வழி. ஆனால் அடிபட்ட முதல் நாட்களில் சூடு வீக்கத்தை ஏற்றிவிடும். செயற்கையாக நீர் ஏற்றிய முழங்கால்களில் அரைமணி நேரம் பனிக்கட்டி வைத்துப் பார்த்த ஆய்வுகள், அடங்கியிருந்த தசை மீண்டும் எழுவதைக் காட்டின. துணியில் சுற்றி வைக்க வேண்டும். தோலில் நேராகப் படக்கூடாது. வைத்து எடுத்த உடனேயே, தடை தளர்ந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில், பாயில் உட்கார்ந்து தசையை இறுக்கும் பயிற்சியைச் செய்ய வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து விடுவது, காலை நேராகத் தூக்கி இறக்குவது. கருவியோ காசோ தேவையில்லாத இந்த இரண்டையும் நாளைக்குப் பல தடவை செய்யலாம். வலு திரும்பத் திரும்ப, ஒரு தாழ்ந்த படியிலிருந்து மெதுவாக இறங்கப் பழக வேண்டும்.

தோலின் மேல் மின்வாய் ஒட்டித் தசையைச் சுருங்க வைக்கும் கருவி, முண்ணாணின் தடையைத் தாண்டிப் போய்த் தசையை நேராக இயக்குகிறது. பிணைய அறுவைக்குப் பிறகு அதை வலுவான அளவில் கொடுத்தவர்களுக்கு வலு விரைவாகத் திரும்பியதை 1990களிலேயே காட்டிவிட்டார்கள். இது வீட்டில் செய்வதல்ல. இயன் மருத்துவரிடம் போக வேண்டும். நிறைய நீர் கோத்திருந்தால் அதை ஊசியால் எடுப்பது மருத்துவரின் முடிவு. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடம் ஹற்றன் பக்கத்தவர்களுக்குக் கிட்ட. என்றாலும் உள்தோட்டத்திலிருந்து பாதைக்கு இறங்கி, பஸ் பிடித்து, கிளினிக்கில் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் பேர் போய்விடும். கால் வலுவற்றிருப்பவருக்கு அந்த இறக்கமே முதல் தடை. அதனால்தான் பாயில் செய்யும் பயிற்சியை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்கால் சுட்டுச் சிவந்து காய்ச்சலும் வந்தால், மடங்கிய கால் நீளாமல் பூட்டிக்கொண்டால், அடிபட்ட காலில் சற்றும் ஊன்ற முடியாவிட்டால், பயிற்சியைப் பற்றிய பேச்சே வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாளிலேயே கசியிழையம் அழிந்துவிடும்.

முழங்காலில் நன்றாக ஆராயப்பட்ட இந்தத் தடை கணுக்காலிலும் இடுப்பிலும்கூட உண்டு. வாத அழற்சியிலும் உண்டு. எங்கே இருந்தாலும், முழுமையான ஓய்வு இதற்கு அரைகுறை மருந்து. ஓய்வில் வீக்கம் வடியும். அடங்கிய தசை தானாக விழிக்காது. "வேலை செஞ்சா பழகிப்போகும்" என்று அதே மலைக்கு அனுப்புவது அதைவிட மோசம்.

இந்த இரண்டுக்கும் நடுவே தோட்டத்தில் இடம் இருக்கிறது. நாற்றுத் தவறணையில் உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது. பாதையோரத்தில் சரிவு குறைந்த மலைகள் இருக்கின்றன. தோட்ட வைத்திய உதவியாளர் எழுதிக் கொடுக்கும் துண்டில் "மூன்று நாள் ஓய்வு" என்பதோடு, கால் நேராகத் தூக்கும் வரை இறக்கத்தில் பாரம் சுமக்கக் கூடாது என்று இன்னொரு வரியும் சேர்ந்தால், அதைக் கங்காணியும் துரையும் மதித்தால், அதுவரையிலான நாட்களுக்கும் முழுப் பேர் கொடுத்தால், இரண்டாவது முறை விழாமல் தப்பும் முழங்கால்கள் நிறைய இருக்கும். கால் தயாராகிவிட்டதா என்று பார்ப்பதும் கடினமில்லை. வீக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். காலை நேராகத் தூக்குகையில் முழங்கால் தொங்கக் கூடாது. டிஸ்பென்சரி வாசல் படியில் அந்த ஒரு காலாலேயே, கையால் எதையும் பிடிக்காமல், மெதுவாக இறங்க முடிய வேண்டும். முடிந்தால் முதல் வாரம் பாதிக் கூடை. வீக்கம் வரவில்லை என்றால் அடுத்த வாரம் முழுக் கூடை.